பீடத்தை ஒட்டிய அறைகள்

ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் திருவழிபாடு மக்கள் முன்னிலையில் தொடங்குவதில்லை. பீடத்துக்கு வடக்கே, புரோதெசிஸ் எனப்படும் சின்ன அறையிலோ மாடத்திலோ ஓசையில்லாமல் தொடங்கிவிடுகிறது. முத்திரை குத்திச் சுட்ட புளித்த மாவு அப்பத்தை எடுத்து, ஈட்டி வடிவக் கத்தியால் நடுச்சதுரத்தைக் கீறி எடுக்கிறார் குரு. அந்தத் துண்டுக்கு 'ஆட்டுக்குட்டி' என்று பெயர். அதைத் தட்டில் வைத்ததும், போர்த்தும் துணி அப்பத்தில் படாதிருக்க, குறுக்காக இணைத்த இரண்டு வளைந்த உலோகப் பட்டைகளை மேலே கவிழ்க்கிறார்.

தெற்கு அறை தியாகோனிகோன். உடைகள், நூல்கள், பாத்திரங்கள், தூபக்கலசம் எல்லாம் அங்கே திருத்தொண்டர்களின் பொறுப்பில்.

4ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிரியாவில் தொகுத்த ஒரு திருச்சபை விதிநூல், தேவாலயம் கிழக்கு நோக்கிக் கப்பல்போல் நீண்டிருக்க வேண்டும், கிழக்குக் கோடியின் இருபுறமும் அறைகள் வேண்டும் என்கிறது. மிஞ்சிய நற்கருணையைத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய் வைத்தது அந்த அறைகளில்தான். பொருள் வைக்கும் அறைதானே என்று அலட்சியமாக விட்டுவிடவும் இல்லை. யோர்தானின் நேபோ மலையில், திருமுழுக்குத் தொட்டியும் சேர்ந்த ஒரு தியாகோனிகோனின் தரையில் 530இல் பதித்த மொசைக்கில் சிங்க வேட்டை, ஆட்டிடையன், தீக்கோழி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. பிற்காலத் தரைக்கு அடியில் கிடந்த அது 1976இல்தான் வெளிப்பட்டது.

தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளின் வழக்கம் வேறு. அங்கே ஹாகியா சோஃபியாவின் பாத்திர அறை தேவாலயத்துக்கு வெளியே, வடகிழக்கு மூலையில், தனி வட்டக் கட்டடமாக இருந்தது. 404இல் பழைய தேவாலயம் எரிந்தபோது பாத்திரங்கள் தப்பியது அவை தனி இடத்தில் இருந்ததால்தான். வழிபாட்டின் போக்கையும் அதுவே தீர்மானித்தது: அப்பமும் இரசமும் வெளியிலிருந்து, மக்கள் நடுவே, ஊர்வலமாகப் பீடத்துக்கு வந்தன. 'பெரிய நுழைவு' என்ற சடங்கு அதுதான்.

திருவுருவப் பட எதிர்ப்புக் காலம் முடிந்தபின் கட்டிய சிறிய தேவாலயங்களில் அறை உள்ளே வந்துவிட்டது. ஊர்வலத்துக்குத் தேவை போய்விட்டது. ஆனால் ஊர்வலம் போகவில்லை. இன்றும் வடக்கு வாசலால் வெளியே வந்து, மக்கள் பக்கம் ஒரு சுற்று சுற்றி, நடுவாசல் வழியே பீடத்துக்குப் போகிறார்கள். கட்டடம் மாறினாலும் கால்கள் பழைய வழியை விடவில்லை என்பதே இதில் எனக்குப் பிடித்த பகுதி.

வடக்கு சிரியாவின் பழைய தேவாலய வரைபடம் எங்காவது கிடைத்தால், அரைவட்ட மாடத்தின் இருபக்கச் சதுரங்களையும் பாருங்கள். ஒன்றுக்குச் சாதாரணக் கதவும் மற்றதற்கு அகன்ற வளைவும் இருந்தால், வளைவுள்ளது பெரும்பாலும் மறைசாட்சியின் திருப்பண்டம் வைத்த அறை. கதவுள்ளது பாத்திர அறை.