பிடியரிசிக் கணக்கு

ஆண்டு விழா மேடையில் சங்கச் செயலாளர் வரவு செலவு வாசிக்கிறார். நன்கொடைத் தொகையைக் கேட்டதும் கைதட்டல் எழுகிறது. அத்தொகை எத்தனை வீடுகளிலிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை. சங்கத்தின் வலிமையை அறிய வேண்டின், முதலில் வினவத்தக்கது அதுவேயாகும்.

நூறு குடும்பங்கள் கொண்ட ஒரு சங்கம், எளிய மாணவர் கல்வி நிதிக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் திரட்டுகிறது என்று கொள்வோம். அதில் 50,000 ரூபாய் அன்பர் ஒருவர் தந்தது. எஞ்சியது பத்து வீட்டார் தந்தது. மறு ஆண்டு அவ்வன்பருக்கு வேறூருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு இது புதிதன்று. ஆயின், அந்நிதியை நம்பிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளையின் கதி யாது? வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் நூறு வீட்டாரும் கொடுத்தால் அதே 60,000 ரூபாய் சேரும். இருவர் ஊர் மாறினும் நிதி வற்றாது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. இன்றைய மிசோரம் மாநிலத்தில் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபைப் பெண்கள் 1910ஆம் ஆண்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அதனை வீடுவீடாகத் திரட்டி விற்று, திருச்சபைப் பணிக்கு அளிப்பர். 'புஹ்ஃபாய் தாம்' என்பது அதன் பெயர். நூறாண்டு கடந்தும் அவ்வழக்கம் நிலைத்திருக்கிறது. செல்வர் வீட்டுப் பிடியும் எளியவர் வீட்டுப் பிடியும் ஒன்றாகவே சேர்கின்றன. நம் பாட்டிமார் அறிந்த பிடியரிசியும் இத்தகையதே அன்றோ?

ஆகவே, நம் ஆண்டறிக்கையில் தொகையோடு மூன்று எண்களையும் சேர்த்தல் நலம். நூறு வீடுகளில் கொடுத்தவை எத்தனை? சென்ற ஆண்டு கொடுத்தவருள் இவ்வாண்டும் கொடுத்தவர் எத்தனை பேர்? பெருங்கொடையாளர் ஒருவரை நீக்கினால் எஞ்சுவது எவ்வளவு?

எண்கள் குறைவாயிருப்பின் உறுப்பினரை நொந்து பயனில்லை. எத்தனை வீடுகளுக்கு நாம் நேரில் சென்று கேட்டோம்? பெற்ற தொகைக்கு உடனே ரசீது கொடுத்தோமா? அது எப்பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வாறு பயன்பட்டது என்று, பிள்ளைகளின் பெயரை வெளியிடாமல், கொடுத்தவருக்கு எழுதினோமா? நன்கொடையாளர் பட்டியலைத் தொகை வரிசையில் அச்சிட்டு, 50 ரூபாய் கொடுத்தவரைக் கூசச் செய்தோமா? இவற்றைத் திருத்தினாலே பாதி வேலை முடியும்.

அடுத்த ஆண்டு விழாவில் செயலாளர் வீடுகளின் எண்ணிக்கையை முதலில் வாசிக்கட்டும். தொகையைப் பின்னர் வாசிக்கலாம்.