கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் குன்னூருக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்த மூடுபனியை மறந்திருக்க மாட்டீர்கள். பச்சைப் பசேலென்று கண்ணெதிரே இருந்த தேயிலைச் சரிவு, ஒரே நிமிஷத்தில் காணாமல் போய்விடும். நமக்கென்ன, சற்று நேரத்தில் பனி விலகிவிடும். ஆனால் தானாக விலகாத பனி ஒன்று உண்டு. அது கண்ணுக்குள்ளேயே படர்கிற பனி. கண்புரை என்று அதற்குப் பெயர்.

அந்தச் சரிவில், ஒரு லயன் வீட்டு வாசலில் பாட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பார்த்துக் கொழுந்து கிள்ளிய கைகள். இப்போது முறத்து அரிசியில் கல் எது என்று தெரியவில்லை.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம், அம்மாச்சி" என்கிறாள் பேத்தி.

"போடி! எங்க ஆத்தா பட்ட பாட்டை நான் பார்க்கலையா? ஆபரேஷன் பண்ணி, சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டி அனுப்பினாங்க. படி எங்கே, பள்ளம் எங்கேன்னு தெரியாம விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா. எனக்கு அது வேணாம், தாயி."

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. பாட்டி சொல்வது அத்தனையும் அந்தக் காலத்துக்கு வாஸ்தவம்.

சோடாபுட்டியின் கதை

நம் கருவிழிக்குப் பின்னால் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு லென்ஸ் இருக்கிறது. அது பளிங்குபோலத் தெளிவாக இருக்கும் வரையில் கவலையில்லை. வயதானால் அது மங்குகிறது. நீரிழிவும் புகைபிடித்தலும் அதை விரைவுபடுத்தும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களும் ஒரு காரணம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் அந்தக் கதிர்களின் வலு சுமார் பத்து சதவிகிதம் கூடுகிறது. உதகமண்டலமோ 2,200 மீட்டருக்கும் மேலே! குளிர்கிறதே என்று வெயிலை அங்கே அலட்சியம் செய்யக் கூடாது.

மங்கிய லென்ஸைத் தெளிய வைக்க மருந்து கிடையாது, எடுக்கத்தான் வேண்டும். முன்பெல்லாம் அதை உறையோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். அந்தக் குறையைத்தான் மூக்கின் மேல் சோடாபுட்டி ஈடு செய்தது. அதன் வழியே எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். இப்படியொரு கண்ணாடியோடு மலைப் படிகளில் இறங்குவது எப்படி?

விமானத்திலிருந்து வந்த யோசனை

விடை கிடைத்தது லண்டனில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, போர் விமானங்களின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. குண்டு பட்டு அது நொறுங்கினால், சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாயும். அப்படிப்பட்டவர்களைக் கவனித்து வந்த டாக்டர் ஹரால்ட் ரிட்லி ஓர் அதிசயத்தைக் கண்டார். சில்லு உள்ளேயே தங்கியிருந்தும், அநேகமாகக் கண் அதை எதிர்க்கவில்லை!

பிறகு ஒரு நாள், அவர் புரை ஆபரேஷன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், "எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்று வைக்க மாட்டீர்களா?" என்று கேட்டாராம். 1949 நவம்பர் 29-ஆம் தேதி, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், ஒரு பெண்மணியின் கண்ணில் ரிட்லி முதல் பிளாஸ்டிக் லென்ஸைப் பொருத்தினார்.

உடனே வெற்றி என்று எண்ணாதீர்கள். இயற்கை லென்ஸின் வளைவையே பார்த்துச் செய்தார்கள். ஆனால் பிளாஸ்டிக் ஒளியை இன்னும் அதிகமாக வளைக்குமே! அந்த அம்மாளுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. பின்னால் சிலருக்கு லென்ஸ் இடம் பெயர்ந்தது. சிலருக்குக் கண் வீங்கியது. சக டாக்டர்கள் பலர் ரிட்லியைக் கண்டித்தார்கள். அவர் தளரவில்லை. 2000-ஆம் ஆண்டில்தான் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே அவருக்கும் புரை வந்து, அவர் கண்களிலும் லென்ஸ் பொருத்தப்பட்டது!

மதுரையில் ஒரு புரட்சி

லென்ஸ் வந்துவிட்டது, சரி. வாங்குவது யார்? இறக்குமதி லென்ஸின் விலை சுமார் நூறு டாலர். லயன் வீட்டுப் பாட்டி எங்கே போவாள்?

இங்கேதான் நம் டாக்டர் கோ. வெங்கடசாமி வருகிறார். 1918-இல் பிறந்த இவரை இளமையிலேயே கடுமையான மூட்டுவாதம் தாக்கியது, விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் பதினொரே படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். இன்று மலையடிவாரத்துக் கோயம்புத்தூரிலும் அதன் கிளை இருக்கிறது.

"விலைதானே தடை? நாமே செய்வோம்" என்று 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலை மதுரையில் எழுந்தது. விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. மதுரை லென்ஸ் இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அங்கே லென்ஸ் செய்கிறவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த நம் பெண்கள்தான்!

பேத்தி சொல்ல வேண்டியது

இப்போது பாட்டிக்கு என்ன பதில் சொல்லலாம்? லென்ஸின் உறையைப் பைபோல் விட்டுவைத்து, உள்ளே மங்கியதை மட்டும் எடுக்கிறார்கள். அந்தப் பையில் ஆறு மில்லி மீட்டர் அகலமுள்ள லென்ஸ், இரண்டு மெல்லிய கைகளால் தன்னைத் தாங்கிக்கொண்டு உட்காருகிறது. மடித்துச் செருகும் லென்ஸுக்கு மூன்று மில்லி மீட்டருக்கும் குறைவான கீறலே போதும். ரிட்லியின் பிசகு நேராமலிருக்க, கண்ணின் நீளத்தை முன்கூட்டியே அளந்துகொள்கிறார்கள். அதில் ஒரு மில்லி மீட்டர் தவறினாலும் பார்வை மாறிவிடும்!

சோடாபுட்டி இல்லை, படி படியாகவே தெரியும். சாதாரண லென்ஸ் தூரப் பார்வைக்கே பொருந்துவதால், ஊசியில் நூல் கோக்க மட்டும் மெல்லிய கண்ணாடி வேண்டியிருக்கும். சில வருஷம் கழித்து உறை மங்கினால், லேசர் ஒளியால் சில நிமிஷங்களில் சரி செய்வார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருப்பது பழைய வழக்கம். மிதமிஞ்சி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். மங்கலுக்கெல்லாம் புரைதான் காரணம் என்றும் இருந்துவிடக் கூடாது. கண் அழுத்த நோயும் நீரிழிவும் பறித்த பார்வையை எந்த லென்ஸும் திருப்பித் தராது. ஆகவே முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் இலவசமாகவே பொருத்துகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அரிசியை விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கும் அம்மாவோ மாமியாரோ இருக்கக்கூடும். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். 'வயசாயிடுச்சு' என்று ஒதுங்கிக்கொள்வார்கள். நீங்கள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். பனி விலகிய மறுநாள், "அடியே, உனக்கு இத்தனை நரையா!" என்று அவர்கள் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்கிறது?