வயர் எங்கே அறுந்தது என்று முதலில் பாருங்கள்

விடிய ஐந்து மணிக்குப் பால் கானோடு புறப்பட்டவர் பிரதான வீதிக்கு வருமுன்பே மோட்டார் சைக்கிளை உருட்டத் தொடங்கினார். அக்சிலேற்றர் வயர் அறுந்துவிட்டது. சேகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் பழுதாகிவிட்டது. மல்லாவிப் பக்கத்தில் நாம் சந்தித்த விவசாயி ஒருவருக்கு ஒரே மாரியில் மூன்று தடவை இப்படி நடந்தது. இடம்பெயர்ந்து திரும்பி, கடன்பட்டு வாங்கிய சைக்கிள் அது. வயரின் விலை பெரிதல்ல. வீணான உழைப்பே பெரிது.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயிலே சைக்கிள் ஓடினோம். உதிரிப்பாகம் கிடையாது. ஆகையால் அறுந்த வயரைக் கையில் எடுத்து, ஏன் அறுந்தது என்று பார்த்தோம். 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் பொருட்கள் வந்தன. இன்று மாற்றும் பழக்கம் கூடிவிட்டது. பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டது.

வயர் என்பது மெல்லிய உருக்கு இழைகளின் முறுக்கு. இழுப்பதால் மட்டும் அது இலகுவில் அறாது. கம்பியை முறிக்க முன்னும் பின்னும் வளைப்போம் அல்லவா? அதுபோல ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, அல்லது உரசி, இழை இழையாக அறும். எனவே அறுந்த இடமே காரணத்தைச் சொல்லும்.

கைப்பிடியருகே அறுந்தால்: வயரின் நுனியிலுள்ள குண்டு, அது பொருந்தும் குழியில் தாராளமாகச் சுழல வேண்டும். தூசியும் துருவும் சேர்ந்து இறுகினால், முறுக்கும் ஒவ்வொரு தடவையும் குண்டின் கழுத்தில் வயர் மடியும். குழியைத் துடைத்துச் சிறிது கிறீஸ் பூசுங்கள். விளிம்பு கூராக இருந்தால் அரத்தால் மழுக்குங்கள்.

நடுவில் அறுந்தால்: உறையைப் பாருங்கள். ஹாண்டில் திரும்பும் இடத்தில் கூர்மையாக வளைந்திருக்கலாம், இறுக்கிக் கட்டப்பட்டிருக்கலாம், ஹாண்டிலில் தொங்கும் பாரம் அதை நசித்திருக்கலாம். உறையின் நுனித் தொப்பி கழன்றிருந்தால் அதன் விளிம்பு வாள்போல அறுக்கும்.

காபரேற்றர் பக்கம் அறுந்தால்: உள்ளே ஏறி இறங்கும் உருளை பிசினாலும் கிறவல் தூசியாலும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். கழற்றிக் கழுவுங்கள், காற்று வடிகட்டியையும் சுத்தமாக்குங்கள். முழுதாகத் திறந்த பின்னும் முறுக்கினால் அந்த விசை வயரின்மேலேயே விழும்.

சைக்கிள் பிரேக் வயரை வெட்டி, நுனியில் ஈயம் பற்றவைத்துப் போடுவதும் உண்டு. அது தடிப்பு, நன்றாக வளையாது. ஈயம் மேலே ஏறிய இடம் விறைத்து, அந்த எல்லையிலேயே அறும். அவசரத்துக்கு மட்டும் அதைப் பாவியுங்கள்.

புதிய வயர் போடுமுன் உறையை நிமிர்த்திப் பிடித்து, மறுமுனையில் கசியும்வரை மெல்லிய எண்ணெய் விடுங்கள். கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீற்றர் தளர்வு இருக்கட்டும். கியர் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் வயர் இழுபடுகிறது. அது போகும் வழியை மாற்றுங்கள்.

கைப்பிடி கரகரத்தாலோ, விட்டவுடன் திரும்பாவிட்டாலோ அன்றைக்கே மாற்றுங்கள். அறுந்த இழை உறைக்குள் சிக்கினால் எஞ்சின் வேகம் குறையாது, உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் கிளட்சையும் பிரேக்கையும் பிடித்து, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள்.

வழியில் அறுந்தால், காபரேற்றரில் எஞ்சினின் ஓய்வு வேகத்தைக் கூட்டும் திருகாணியைச் சற்று முறுக்கி, சிறிய கியரில் மெதுவாக வீடு சேரலாம்.

மல்லாவி விவசாயியின் சைக்கிளில், குண்டு இருக்கும் குழிக்குள் செம்மண் காய்ந்து இறுகியிருந்தது. துடைத்துக் கிறீஸ் பூசி, புதிய வயர் போட்டார். அடுத்த மாரி முழுவதும் அதே வயரோடு பால் கொண்டு போனார். உங்கள் வயர் அறுந்தாலும் அதை எறிந்துவிடாதீர்கள். கராஜுக்குப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.