கடல்நீர் மீன்தொட்டியும் அதன் சம்ப்பும்

பவளப்பாறைக் கடலில் வாழும் உயிர்கள் உப்பின் அளவிலும் வெப்பநிலையிலும் பெரிய ஏற்றத்தாழ்வைக் கண்டறியாதவை என்பதால், அவற்றை வீட்டில் வளர்க்க விரும்புபவர் மீனைப் பேணுவதற்கு முன் நீரைப் பேணக் கற்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு, 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், கழிவற்ற தெளிவு ஆகிய மூன்றும் நாள்தோறும் மாறாதிருக்கப் பலர் கையாளும் ஏற்பாடே சம்ப். மீன்கள் வாழும் காட்சித்தொட்டிக்குக் கீழே, மர அலமாரிக்குள் வைக்கப்படும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி அது. மேலிருந்து வழியும் நீர் அங்கே இறங்கித் தூய்மை பெற்று, பம்ப்பின் வழியே மீண்டும் மேலேறுகிறது.

நீர் ஏன் மேற்பரப்பிலிருந்து வழிய வேண்டும் என்பதில் இந்த அமைப்பின் அடிப்படை அடங்கியிருக்கிறது. மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் கசியும் கரிமப் பொருள்களில் பல, நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பை நாடிச் சென்று மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்படலம் ஆக்சிஜன் நீரில் கலப்பதைக் குறைக்கிறது. தொட்டியின் ஒரு மூலையில் சீப்புப் பற்களைப் போன்ற வெட்டுகளுடன் நிற்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, இப்படலத்தோடு மேல்நீரை மட்டும் வழித்தெடுத்துக் கீழே அனுப்புகிறது. அதே பொருள்கள் காற்றுக் குமிழ்களின் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், சம்ப்பில் உள்ள புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவி நுண்குமிழ்களைப் பொங்கச் செய்து, அவற்றை நுரையாகத் திரட்டி வெளியேற்றுகிறது.

பெட்டிக்குள் விழும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாயில் இறங்குவதால் எழும் ஓயாத கொப்பளிப்புச் சத்தம், இத்தகைய தொட்டி வைத்திருப்போரைப் பெரிதும் வருத்துவது. இதற்குத் தீர்வாக வழங்கும் முறைகளில் நம்பகமானது மூன்று குழாய் முறையாகும். கேட் வால்வினால் ஓட்டம் சரிசெய்யப்பட்ட முதல் குழாயில், காற்றே புகாமல் நீர் முழுவதும் நிரம்பி ஓசையின்றி இறங்குகிறது. இரண்டாவது, மிஞ்சும் சிறிதளவு நீரை வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது, மற்ற இரண்டும் அடைபடும் நாளுக்காக வறண்டே காத்திருக்கிறது. தொட்டியின் கண்ணாடியில் துளையிட்டு, குழாயை இணைக்கும் டேங்க் நிப்பிளைப் பொருத்துமுன், அக்கண்ணாடி பதப்படுத்தப்பட்ட டெம்பர்டு வகையா என உறுதிசெய்தல் இன்றியமையாதது. அவ்வகைக் கண்ணாடி துளையிடும்போதே சிதறிவிடும். செம்பும் பித்தளையும் முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு நஞ்சாதலால், குழாயும் வால்வும் பிவிசியாகவே இருக்க வேண்டும்.

சம்ப்பின் உட்புறம் பொதுவாக மூன்று அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் அறையில் வடிகட்டிப் பையும் ஸ்கிம்மரும், நடு அறையில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பாறையோ நைட்ரேட்டை உண்டு வளரும் கடற்பாசியோ, கடைசி அறையில் நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப்பும் இடம்பெறுகின்றன. பம்ப்புக்கு முன் நீரை மேலும் கீழுமாக ஏறி இறங்கச் செய்யும் தடுப்புக் கண்ணாடிகள், குமிழ்கள் காட்சித்தொட்டிக்குச் செல்லாமல் தடுப்பதோடு, ஸ்கிம்மருக்குத் தேவையான மாறாத நீர்மட்டத்தையும் தருகின்றன. ஆவியாதலால் ஏற்படும் குறைவு கடைசி அறையில் மட்டுமே தென்படும். உப்பு ஆவியாகாமல் தங்கிவிடுவதால், அக்குறையை உப்பு கலக்காத ஆர்ஓ நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும்.

இவை அனைத்தும் செவ்வனே அமைந்தாலும், மின்சாரம் நிற்கும் நொடியை எண்ணி அளவிடப்படாத சம்ப் ஒருநாள் வீட்டுத் தரையை நனைத்தே தீரும். பம்ப் நின்றதும், ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை, மேலுள்ள நீர் அதே குழாய் வழியே சைஃபன் விசையால் கீழே இறங்குகிறது. 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயர நீர் 7.2 லிட்டராகும். குழாயின் வாய் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் ஏறத்தாழ 22 லிட்டரும், குழாய்களிலும் பெட்டியிலும் இருந்து 8 லிட்டரும் என 30 லிட்டர் இறங்கும். 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சம்ப்பில் அது 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயரும். சம்ப்பின் உயரம் 40 சென்டிமீட்டராகவும், இயங்கும்போது நீர்மட்டம் 25 சென்டிமீட்டராகவும் இருந்தால் கவலையில்லை. அதே வாய் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் அமைந்துவிட்டால் இறங்குவது 116 லிட்டர். காலியிடமோ 54 லிட்டருக்குத்தான். மீதமுள்ள 60 லிட்டருக்கு மேற்பட்ட உப்புநீர் தரைக்குத்தான் போகும். பின்னோட்டத்தைத் தடுக்கும் என்ஆர்வி வால்வைப் பொருத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் உப்புப் படிவும் சிறு நத்தையும் அதன் மடலை மூடவிடாமல் செய்யக்கூடும் என்பதால், குழாயின் வாயை மேற்பரப்புக்கு அருகில் வைப்பதே உறுதியான காப்பு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வழிந்தோடும் குழாய்கள் அடைபட்டு, பம்ப் மட்டும் தொடர்ந்து ஓடினால், கடைசி அறையின் நீர் முழுவதும் மேலே வந்து சேரும். அவ்வறை 16 லிட்டர் கொண்டதானால் மேல்தொட்டியில் மட்டம் 2.2 சென்டிமீட்டர் உயரும்; விளிம்புக்குக் கீழே அதைவிட அதிக இடைவெளி இல்லையெனில் நீர் அங்கிருந்தே வழியும். ஆகவே பம்ப் அறை சிறியதாக இருப்பது ஒரு பாதுகாப்பு.

பம்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் 3 முதல் 5 மடங்கு நீர் சம்ப் வழியே சென்றால் பெரும்பாலும் போதுமானது. பம்ப்பின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவு நீரை மேலே தூக்காத நிலைக்கு உரியது என்பதால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் பம்ப் எவ்வளவு தரும் என்பதை அதன் வரைபடத்தில் பார்த்தே வாங்க வேண்டும்.

உப்பைக் கலப்பதற்கு முன்பே, வெறும் நன்னீரை நிரப்பி இரண்டு சோதனைகளைச் செய்துவிடுவது அறிவுடைமை. அமைப்பு ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரத்தை நிறுத்திச் சம்ப் எவ்வளவு நிரம்புகிறது எனப் பார்த்து, இயங்கும்போது தாண்டக்கூடாத உயர்ந்த நீர்மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட வேண்டும். பின்னர் வழிந்தோடும் குழாய்களை அடைத்து, மேல்தொட்டி தாங்குகிறதா எனக் காண வேண்டும். உயிர்களின் பொறுப்பை ஏற்பவர், அவற்றை உள்ளே விடுமுன் செலுத்தவேண்டிய முதல் அக்கறை இதுவேயாகும்.