இறுதிக் கால மருத்துவமும் நோயாளியின் விருப்பமும்

நோய் தீராது என்று டாக்டர்கள் முடிவு கண்ட பின்னரும், சுவாசக் கருவியின் துணையால் உயிரைச் சில காலம் நீடிக்கச் செய்ய இயலும். அச்சிகிச்சை வேண்டுமா என்பதைச் சொல்லவேண்டியவர் நோயாளியே. ஆயினும் அந்நிலையில் அவருக்குப் பெரும்பாலும் நினைவிராது. முடிவு செய்யும் பாரம் குடும்பத்தார்மீது விழுகின்றது.

விருப்பத்தை முன்னதாகவே எழுதி வைக்கும் உரிமையை, டில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட்டின் கையொப்பமும் தேவைப்பட்டது. இது நடைமுறையில் கடினமாயிற்று. ஆகவே 2023 ஜனவரி 24-ஆம் தேதி முறை எளிதாக்கப்பட்டது. தெளிந்த மனமுடைய, வயது வந்த எவரும் இரு சாட்சிகள் முன்னிலையில் பத்திரத்தில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட்டெட் அதிகாரியிடமோ சான்று பெறலாம். தமக்காகப் பேசவேண்டியவரின் பெயரை அதில் குறித்தல் வேண்டும். பின்னர் மனம் மாறினால், எழுத்து மூலம் அதனை ரத்துச் செய்யலாம்.

இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து இசைந்த பின்னரே சிகிச்சை நிறுத்தப்படும். உயிரைப் போக்கும் ஊசிக்கு இதில் இடமில்லை; வலி தணிக்கும் மருந்தும் பணிவிடையும் இறுதிவரை தொடரும்.

எத்தகைய சிகிச்சை வேண்டும், தமக்காகப் பேசவேண்டியவர் யார் என்னும் இரு கேள்விகளையும் நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்குமாறு, ஊழியர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தாருக்கு எடுத்துரைக்கலாம். விடை மட்டும் நோயாளியுடையதாகவே இருத்தல் வேண்டும்.