நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாதல்

நேர்முகத் தேர்வு என்பது வேலைக்கு விண்ணப்பித்தவரை நேரில் கேள்வி கேட்டு, அவர் அந்தப் பணிக்குப் பொருத்தமானவரா என்று முடிவு செய்யும் முறையாகும். ஒரே படிப்பை முடித்த பலர் ஓர் இடத்துக்குப் போட்டியிடும்போது, மதிப்பெண் அவர்களை அழைப்புக் கடிதம் வரையில்தான் கொண்டுசேர்க்கும். அதற்குப் பிறகு, தாம் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியைப் பற்றியும் ஒருவரால் எவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது என்பதே முக்கியமாகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியைச் சேர்ந்த ஒரு விண்ணப்பதாரரின் நிலையைக் கொண்டு இதை விளக்கலாம்.

எந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு?

எல்லா வேலைகளுக்கும் நேர்முகத் தேர்வு இல்லை. குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் அதை நீக்கியது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பணிகளுக்கு எழுத்துத் தேர்வே போதும். குரூப் 1 பணிகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் 2025 மதிப்பெண்களில் 275 மதிப்பெண்கள் ஆளுமைத் தேர்வுக்கு உரியவை. தனியார் நிறுவனங்களில் நேர்முகத் தேர்வே பெரும்பாலும் இறுதி முடிவைத் தருகிறது. எனவே அறிவிக்கையை முழுமையாகப் படிப்பதே முதல் வேலை.

விண்ணப்பமே வினாத்தாள்

குடிமைப் பணி ஆளுமைத் தேர்வில், பிறந்த ஊர், பட்டப்படிப்பு, பொழுதுபோக்கு முதலியவை அடங்கிய விண்ணப்பம் குழுவினரின் கையில் இருக்கும். "சொந்த ஊர்: திருத்தணி" என்ற ஒரு வரியிலிருந்தே பல கேள்விகள் பிறக்கலாம். திருத்தணி எப்போது தமிழ்நாட்டுடன் இணைந்தது? ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் எதற்காக? படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இணைந்தது என்பதும், திருப்பதி ஆந்திரத்திலேயே இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனைப் பற்றியும் கேட்கப்படலாம்.

இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் "தமிழும் தெலுங்கும் பேசும் எல்லைப் பகுதியில் நீங்கள் அதிகாரியானால் பள்ளிகளின் மொழித் தேவையை எப்படிக் கவனிப்பீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்கு மனப்பாடம் உதவாது. அதற்குச் சொந்தமாக ஒரு கருத்து வேண்டும். அதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

தொழிற்சாலை வேலைகள்

அம்பத்தூர், திருப்பெரும்புதூர், ஒரகடம், எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டி ஆகிய தொழிற்பகுதிகளில் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கு வாய்ப்புகள் உள்ளன. இங்கும் விண்ணப்பமே கேள்விகளின் ஊற்று. "அளவுக் கருவிகள் தெரியும்" என்று எழுதியவரிடம் வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு எவ்வளவு என்று கேட்கலாம். பள்ளி ஆய்வகக் கருவியில் அது 0.1 மி.மீ.; பட்டறையில் பரவலாகப் பயன்படும் கருவியில் 0.02 மி.மீ. அந்த வேறுபாடு ஏன் வருகிறது என்று சொல்லத் தெரிந்தவர்தான் கருவியைக் கையாண்டவர். தெரியாத திறனை எழுதினால் அந்த வரியே எதிராகத் திரும்பும்.

செய்ததைச் சொல்லும் முறை

ஷ்மிட், ஹண்டர் ஆகிய இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, எல்லோரிடமும் ஒரே வகைக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்முகத் தேர்வு, மனம்போன போக்கில் கேட்பதைவிடப் பணித்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று காட்டியது. இவ்வகைத் தேர்வுகளில் "இப்படி ஒரு சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி வழக்கமானது. அதற்குச் சூழல், தன் பொறுப்பு, செய்த செயல், விளைவு என்ற நான்கு படிகளில் பதில் சொல்லலாம். "நான் கடும் உழைப்பாளி" என்பதைவிட, கல்லூரித் திட்டப்பணியில் பழுதான ஒரு மின்சுற்றைச் சரிசெய்த விதத்தை இரண்டு நிமிடங்களில் சொல்வது வலுவான சான்று. இதுபோல மூன்று, நான்கு நிகழ்வுகளைத் தயாராக வைத்திருந்தால் பல கேள்விகளுக்கும் பயன்படும்.

மொழி

தெலுங்கும் தெரிந்திருப்பது எல்லைப் பகுதி இளைஞர்களுக்கு ஒரு பலம். பேச மட்டும் தெரியுமா, எழுதப் படிக்கவும் வருமா என்பதைப் பிரித்து எழுதுவது நல்லது. ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்கள் தம்மைப் பற்றிய அறிமுகத்தைச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டால், தடுமாறும் இடங்கள் தெரியவரும். குடிமைப் பணி ஆளுமைத் தேர்வை விதிகளுக்கு உட்பட்டுத் தமிழிலும் எதிர்கொள்ளலாம்.

சான்றிதழும் எச்சரிக்கையும்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்தும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயரும் இருப்பது பலருக்கு நேரும் சிக்கல். அழைப்பு வருவதற்கு முன்பே இதைச் சரிசெய்வது நல்லது. அசல் சான்றிதழ்களோடு இரண்டு தொகுப்பு நகல்களும் தேவை. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் பணம் கொடுக்கக் கூடாது. அந்த நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதிசெய்ய வேண்டும்.

தேர்வு முடிந்த அன்றே, கேட்கப்பட்ட கேள்விகளையும் பதில் வராத இடங்களையும் குறித்துவைக்க வேண்டும். அந்தத் தாளைக் கொண்டே அடுத்த தேர்வுக்கான பயிற்சியைத் தொடங்கலாம்.