பனி பெய்யலைன்னா என்ன, மெஷின் இருக்கே... போதுமா?

மழை பொய்த்தாலும் சென்னைக்குத் தண்ணீர் தர, நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குறாங்க. அதேபோல, பனி பெய்யாத மலையில் பனியைத் தயாரிக்க முடியுமா?

முடியும். உத்தராகண்டின் ஔலி பனிச்சறுக்கு மையத்தில் இதற்காகவே செயற்கை ஏரியும் இயந்திரங்களும் இருக்கு. தண்ணீரை அழுத்தக் காற்றுடன் நுண்துளிகளாகப் பீய்ச்சினால், தரையைத் தொடுவதற்குள் உறைந்துவிடும்.

ஆனா ஒரு கண்டிஷன். பொதுவாக மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் குளிராவது வேண்டும். காற்று ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். தண்ணீரை ஏரியில் சேமிக்கலாம், குளிரை எங்கே சேமிப்பது?

காஷ்மீரின் குல்மார்க்கில் 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஸ்கீ கற்றுத் தருபவர்களுக்கும் சாமான் வாடகைக்கு விடுபவர்களுக்கும் அந்தச் சில வாரங்கள்தான் சீசன்.

குளிர் குறைஞ்சா, மெஷினும் சும்மாதான் நிற்கும்.